பல்வலிக்குக் கிராம்புத் தைலம்: எங்கே தப்பு நடக்கிறது?

ராத்திரி பதினோரு மணிக்குச் சொத்தைப் பல் குடைய ஆரம்பித்தால், சென்னையில் பல வீடுகளில் முதலில் தேடுவது கிராம்புத் தைலத்தைத்தான். அதில் தப்பே இல்லை. தைலத்தில் இருக்கும் யூஜெனால் வலியை மரத்துப்போக வைக்கும். பல் டாக்டரின் கிளினிக்குக்குள் நுழைந்ததும் ஒரு வாசனை வருமே, அதுவும் இதுதான். துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்துத் தற்காலிகமாகப் பல்லை அடைப்பார்கள்.

ஆனால் தைலத்தில் பெரும்பங்கு யூஜெனால்தான், 70 சதவீதத்துக்கும் மேலே. அதை அப்படியே வாயில் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. என் அம்மா ஒருமுறை பஞ்சைச் சொட்டச் சொட்ட நனைத்துக் கடைவாயில் அடக்கிக்கொண்டு தூங்கிவிட்டார். காலையில் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வெள்ளையாக வெந்து, தோல் உரிந்து வந்தது. ஒரு வாரத்துக்கு ரசம் சாதம்கூட எரிச்சல். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு போதும். பஞ்சு நுனியில் தொட்டு, குழியில் மட்டும் வைத்து, சில நிமிஷத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீரில் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். தைலம் கரையாது, தண்ணீரைவிடக் கனம். டம்ளர் அடியில் தங்கி, கடைசி மடக்கில் மொத்தமாக வாய்க்கு வரும்.

பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றில் இதைத் தடவவே தடவாதீர்கள். சின்னப் பாட்டில்தானே என்று அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கவும் கூடாது. குழந்தை ஒன்றிரண்டு டீஸ்பூன் விழுங்கினாலே வலிப்பு வரலாம், கல்லீரல் கெட்டுப்போகலாம். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அப்புறம், பல் அடைக்கப் போகும்போது தைலம் வைத்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பல் நிறத்தில் வைக்கும் அடைப்பு சரியாக இறுகவிடாமல் யூஜெனால் கெடுக்கும்.

எனக்கு ரொம்பவும் கவலை தருவது வேறு. இரண்டு நாள் தைலம் வைத்தபின் வலி நின்றதும், குணமாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். உள்ளே நரம்பு செத்திருக்கலாம், வேருக்கடியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கலாம். கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வலி நின்றிருந்தாலும் போய்க் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்க முடியாமல் போனாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், அப்போதே அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.