கலிபோர்னியாவில் காரீய நோட்டீஸ்: சமரசத்தில் கையெழுத்திடும் முன்

பித்தளை விளக்கு, பிவிசி பை, சாவிக்கொத்து என எதை விற்றாலும் சரி, அதில் காரீயம் இருந்து எச்சரிக்கை இல்லாவிட்டால் ப்ரொபொசிஷன் 65 சட்டப்படி தனிநபரோ அமைப்போ உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். தீங்கான வேதிப்பொருள் இருந்தால் வாங்குபவரை எச்சரிக்கச் சொல்லும் கலிபோர்னியச் சட்டம் அது. 1986-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்தது. வாங்கியவருக்கு நோய் வந்ததா என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. 60 நாளில் அரசுத் தரப்பு வழக்கை எடுக்காவிட்டால் நோட்டீஸ் அனுப்பியவரே தொடுக்கலாம். அபராதம், மீறல் ஒன்றுக்கு நாளுக்கு 2,500 டாலர் வரை.

முதலில் ஆட்களை எண்ணுங்கள். பகுதிநேர ஊழியரையும் சேர்த்துப் பத்துப் பேருக்குக் குறைந்தால் சட்டம் உங்களைத் தொடாது. ஆனால் உங்கள் சரக்கை விற்கும் பெரிய கடையைத் தொடும். கொள்முதல் ஒப்பந்தத்தில் ஈட்டுறுதி விதி (கடைக்கு வரும் இழப்பை நீங்கள் ஈடுகட்ட வேண்டும் என்ற விதி) இருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

எச்சரிக்கையை அன்றே போடுங்கள். பழைய விற்பனைக்கான பொறுப்பு போகாது, அபராதத்தைக் குறைக்கக் கேட்க வழி கிடைக்கும். இணையத்தில் விற்றால், வாங்கி முடிக்கும் முன்பே எச்சரிக்கை கண்ணில் பட வேண்டும். லேபிளில் பயன்படுத்தும் முறை தமிழிலும் இருந்தால், ஆங்கிலத்தோடு தமிழிலும் எச்சரிக்கை கட்டாயம். பலர் கோட்டைவிடும் இடம் இது.

அடுத்தது ஆய்வகம். கை படும் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சோதிக்கச் சொல்லுங்கள். ஜிப்பையும் துணியையும் சேர்த்து அரைத்தால் வரும் சராசரி எதற்கும் உதவாது. பொருளிலிருந்து உடலுக்குள் போகும் காரீயம் நாளொன்றுக்கு 0.5 மைக்ரோகிராமைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். தாண்டவில்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

சமரச வரைவில் பணத்தைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது உற்பத்தி வரம்பு, அதாவது இனி செய்யும் பொருளில் காரீயம் எவ்வளவு இருக்கலாம் என்பது. பாகத்தில் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு), துடைத்துப் பார்க்கும் சோதனையில் 1 மைக்ரோகிராம் என்பது வழக்கமாக எழுதும் வரம்பு. இரண்டுக்கும் நடுவில் ‘மற்றும்’ இருக்கிறதா, ‘அல்லது’ இருக்கிறதா என்று பாருங்கள்; ‘மற்றும்’ என்றால் இரண்டையும் எட்ட வேண்டும். எளிதாகக் கடைந்து வடிவமைப்பதற்காகக் காரீயம் கலந்த பித்தளையில் அது 3 சதவீதம், அதாவது 30,000 பிபிஎம் வரைகூட இருக்கும். உலோகக் கலவையையே மாற்றாமல் 90-க்கு வர முடியாது. மாற்ற முடியாதென்றால் எச்சரிக்கையோடு விற்கும் உரிமையை வரைவிலேயே எழுதி வாங்குங்கள்.

அபராதத்தில் 75 சதவீதம் அரசுக்கு, 25 சதவீதம் வழக்குத் தொடுத்தவருக்கு. பெருந்தொகை போவது பெரும்பாலும் வக்கீல் கட்டணத்துக்குத்தான். மணிக்கணக்கு விவரம் கேளுங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே முடித்தால், அதே பொருளுக்கு இன்னொருவர் நோட்டீஸ் அனுப்புவதைத் தடுப்பது கடினம். இரு தரப்பும் ஒப்புக்கொண்டதை நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பாக்கும் சம்மதத் தீர்ப்பு வலுவான காப்பு. விசாரணைக்கு 45 நாள் முன்பே அட்டர்னி ஜெனரலுக்கு (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அதை அனுப்ப வேண்டியிருப்பதால் தாமதமாகும், காத்திருப்பது நல்லது. கடைகளுக்கு ஏற்கெனவே போய்விட்ட சரக்கும் அதில் அடங்குகிறதா என்று வக்கீலிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.