கரடிக் காட்டுக்குக் கைத்துப்பாக்கி: பலரும் சறுக்கும் இடங்கள்

கோடை தொடங்கினால் போதும், சியாட்டில் பக்கத்து நண்பர்களில் யாராவது ஒருவர் அழைத்துவிடுவார். "அலாஸ்காவுக்கு மீன் பிடிக்கப் போறோம். கரடி நிறைய இருக்குமாமே, எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" நான் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்பேன்: "உங்க விசா என்ன?"

நம் ஆட்கள் செய்யும் முதல் தவறும் பெரிய தவறும் இங்கேதான் இருக்கிறது. எச்-1பி, எல்-1, மாணவர் விசா, சுற்றுலா விசா என எந்தத் தற்காலிக விசாவில் வந்தவரும் அமெரிக்காவில் துப்பாக்கியை மட்டுமல்ல, ஒரு தோட்டாவைக்கூட வைத்திருக்கக் கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம். மாநிலம் தந்த வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆனால் அதை நம்பி இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். பயிற்சிக்கூடத்தில் வாடகைத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் 'வைத்திருந்தது' கணக்கில் சேரும். அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு சிறை, நாடு கடத்தலும் உண்டு. கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை இல்லை.

அடுத்தது, காரிலேயே அலாஸ்கா போகும் ஆசை. வழியில் கனடா இருக்கிறது. கரடிக்காக என்று சொல்லிச் சுற்றுலாப் பயணி கைத்துப்பாக்கி கொண்டுவர அந்த நாடு அனுமதிப்பதில்லை. ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கி என்றால் எல்லையில் அறிவித்து, கட்டணம் செலுத்திக் கொண்டுபோக வழி உண்டு. விமானத்தில் நிலைமை தலைகீழ். துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்து, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, அறிவித்துவிட்டால் சரக்கில் ஏற்றிக்கொள்வார்கள். கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் காரத் தெளிப்பானான கரடி ஸ்ப்ரேயை மட்டும் எந்தப் பெட்டியிலும் ஏற்ற மாட்டார்கள். அதை இறங்கிய ஊரில்தான் வாங்க வேண்டும்.

சரி, சட்டம் தாண்டியாயிற்று. இப்போது கடை. அங்கே போனதும் எல்லோருடைய கண்ணும் குழலின் பெரிய துளை மேல்தான் விழும். (.44, .500 என்பவை ஏறத்தாழ அந்தத் துளையின் அளவு, அங்குலக் கணக்கில்; மேக்னம் என்றால் வீரியம் கூடிய தோட்டா.) ஸ்மித் அண்ட் வெஸன் 2003-ல் கொண்டுவந்த .500 மேக்னம் ரிவால்வரைக் கையில் எடுத்தவுடன், இனி எந்தக் கரடி வந்தாலும் கவலையில்லை என்ற தைரியம் வந்துவிடும். அந்தத் தைரியம் முதல் தோட்டா வெடிக்கும்வரைதான். நண்பர் ஒருவர் கனமே தெரியாத ஒரு .44 மேக்னம் ரிவால்வர் வாங்கியிருந்தார். மலையேறும்போது எடை தெரியக் கூடாது என்பது அவர் கணக்கு. பயிற்சிக்கூடத்தில் முதல் தோட்டா குறியில் பட்டது. இரண்டாவதுக்கு அவர் விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொண்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்காவதுக்குள் கட்டைவிரல் இடுக்கில் தோல் கிழிந்துவிட்டது. ஐந்தாவது சுடவே இல்லை, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழலாமல் நின்றுவிட்டது. திறந்து பார்த்தால், மிச்சமிருந்த தோட்டா ஒன்றில் ஈயக் குண்டு தோட்டாக் கூட்டைவிட்டு முன்னால் நகர்ந்து, துப்பாக்கியின் சட்டகத்தில் இடித்துக்கொண்டிருந்தது. எடை குறைந்த ரிவால்வரில் உதை அவ்வளவு வேகமாக இருக்கும். துப்பாக்கி பின்னால் பாயும், உள்ளே இருக்கும் குண்டு வெளியே இழுபடும். இரும்பால் ஆன கனத்த ரிவால்வரில் இது அபூர்வம். காட்டில் இது நடந்திருந்தால், கையில் இருந்தது கால் கோடி ரூபாய் துப்பாக்கியாக இருந்தாலும் வெறும் இரும்புத் துண்டுதான்.

கரடியின் வேகத்தை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். கிரிஸ்லி எனும் வட அமெரிக்கப் பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், அதாவது நொடிக்கு 15 மீட்டர். ஆற்றோரப் புதரிலிருந்து 30 மீட்டரில் அது கிளம்பினால் உங்களுக்கு இரண்டு நொடி. கரடி என்று புரிவதற்கே ஒரு நொடி போய்விடும். மீதி நேரத்தில் எடுத்து, நீட்டி, தலையைத் தாழ்த்திக் குலுங்கிக்கொண்டு வரும் உருவத்தில் படும்படி சுட வேண்டும். அந்த அளவில் பார்த்தால் 'எது பெரியது' என்பதைவிட 'எதை நான் இரண்டாவது முறையும் குறியில் சுடுவேன்' என்பதே கேள்வி. என் அபிப்பிராயம்: ஏற்கெனவே .44 சுட்டுப் பழகியவர் இரும்பு ரிவால்வரோடு இருக்கட்டும். புதிதாகத் தொடங்குபவருக்கு 10 மி.மீ. பிஸ்டல் (சிலிண்டருக்குப் பதில் கைப்பிடிக்குள் தோட்டா அடுக்கும் வகை) பொருத்தம். அந்த வகையான கிளாக் 20-ல் 15 தோட்டா கொள்ளும், உதையும் தாங்கக்கூடியது. கிரீன்லாந்தில் நாய்ச்சறுக்கு வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை, பனிக்கரடிக்காக இடுப்பில் வைத்திருப்பதும் அதுதான். பிஸ்டலுக்கும் குறை உண்டு. கரடி மேலே விழுந்துவிட்ட நிலையில் குழலை அதன் உடம்போடு அழுத்தினால் மேல்பாகம் பின்னால் தள்ளப்பட்டு, சுடாமல் போகலாம். ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. 1953-ல் கனடாவின் அல்பெர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற கிரீ பழங்குடிப் பெண் ஒரு சாதாரண .22 ரைஃபிளால் மிகப் பெரிய கிரிஸ்லியைச் சாய்த்தார். அதைச் சொல்லி, "சின்னதே போதும்" என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் மறைந்திருந்து, பக்கவாட்டில் தலையைப் பார்த்து, மிக அருகிலிருந்து சுட்டார். பாய்ந்து வரும் கரடியின் கதை அல்ல அது.

துப்பாக்கிக்கு இவ்வளவு யோசிப்பவர்கள் தோட்டாவுக்கு யோசிப்பதில்லை. வீட்டுப் பாதுகாப்புக்கு விற்கும் குழிமுனைக் குண்டு உடம்பில் பட்டதும் விரிந்து நிற்பதற்காகவே செய்யப்பட்டது. சுவர் தாண்டிப் போகக் கூடாது என்றால் அது சரி. கரடிக்கோ தடித்த தோல், கொழுப்பு, தசை, அப்புறம்தான் எலும்பு. அங்கே வேண்டியது ஆழம். கடினமாக வார்த்த, தட்டை முனை ஈயக் குண்டைக் கேட்டு வாங்குங்கள். 2016-ல் அலாஸ்காவில் ஒரு வழிகாட்டி, பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை வெறும் 9 மி.மீ. பிஸ்டலால் வீழ்த்தியபோது அதில் இருந்ததும் இப்படிப்பட்ட குண்டுதான். அவர் பல ஆண்டு கரடிகளோடு பழகிய ஆள் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

உறை விஷயம் சிறியது போலத் தோன்றும். இடுப்பு உறையில் துப்பாக்கியை வைத்து, மேலே முதுகுப்பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பாருங்கள். கைப்பிடி பட்டைக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். மீன் பிடிக்க நீர்புகா உடை போட்டால் இன்னும் மோசம். அலாஸ்காவில் ஆற்றில் நிற்பவர்கள் பலர் மார்பின் குறுக்கே உறை கட்டுவது இதனால்தான். பைக்குள் வைப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அலாஸ்காவின் மீன், வனவிலங்குத் துறையே .44 மேக்னம் போன்ற கனத்த கைத்துப்பாக்கியும், குறிப்பாகப் பழகாதவர் கையில், அவசரத்துக்குப் போதாமல் போகலாம் என்கிறது. துறை பொருத்தமானவை என்று குறிப்பிடுவது .300 மேக்னம் ரைஃபிளையும், ஸ்லக் எனும் ஒற்றைப் பெரிய குண்டு போட்ட 12 கேஜ் (குழல் துளை அளவு) ஷாட்கன்னையும். இதைப் படித்துவிட்டும் ஸ்ப்ரேயைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. 2008-ல் வெளியான அலாஸ்கா ஆய்வில், ஸ்ப்ரே அடித்த சம்பவங்களில் 92% பழுப்புக் கரடிகள் பின்வாங்கின. 2012-ல் வந்த துப்பாக்கி ஆய்வில் கைத்துப்பாக்கிக்கு 84%. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடுவதும் ஒரு தவறு. ஸ்ப்ரே கணக்கில், தாக்க வராமல் வேடிக்கை பார்க்க வந்த கரடிகளும் சேர்ந்திருக்கின்றன. கைத்துப்பாக்கிக் கணக்கு 37 சம்பவங்களிலிருந்து வந்தது. எனக்கு அந்த இரண்டாவது ஆய்வில் உறைத்தது வேறு: கையில் துப்பாக்கி இருந்தும் சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நான் மார்பில் பிஸ்டல், இடுப்பில் ஸ்ப்ரே என்று போகிறேன். முதலில் கை போவது ஸ்ப்ரேக்குத்தான். அதற்குத் துல்லியக் குறி வேண்டாம், ஏழெட்டு மீட்டர் மேகம் போதும். எதிர்க்காற்றும் கொட்டும் மழையும் அதன் எதிரிகள்.

தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் பார்வையாளர் மையக் கட்டடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பெரும்பாலான பூங்காக்களில் சுடுவதும் குற்றம். வைத்திருக்க அனுமதி இருப்பதால் சுடவும் அனுமதி என்று நினைப்பவர்கள் ஏராளம்.

சுட்ட பிறகு என்ன என்று யாரும் கேட்பதில்லை. அலாஸ்காவில் உயிரைக் காக்கக் கரடியைக் கொன்றால் அந்தக் கரடி உங்களுடையது ஆகாது, மாநிலத்துடையது. நகங்களோடு தோலை உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, துறையிடம் ஒப்படைக்க வேண்டும். 15 நாளுக்குள் எழுத்து மூலம் அறிக்கையும் தர வேண்டும். கூடாரத்துக்கு வெளியே மீனையும் குப்பையையும் போட்டுவைத்து நீங்களே கரடியை வரவழைத்திருந்தால் தற்காப்பு என்ற வாதம் நிற்காது. துப்பாக்கி பார்க்கப் போகும் நண்பர்களிடம் நான் கடைசியில் கேட்பது இதைத்தான்: முந்நூறு கிலோ கரடியை, ஆற்றோரத்தில், கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது உரிக்கத் தெரியுமா? அதற்கு ஒரு நல்ல கத்தியும் வாங்க வேண்டியிருக்கும்.