கிராவல் குவாரிக்குத் திட்டம் போடுவது எப்படி? வெட்டும் கணக்கும் மூடும் கணக்கும்

ஒரு ஹெக்டேர் பட்டா நிலம். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். மேல்மண்ணுக்குக் கீழே மூன்று மீட்டர் சரளை, அதாவது கிராவல். பெருக்கினால் 30,000 கன மீட்டர். இந்த எண் நில உரிமையாளரின் மனத்தில் ஏறிவிட்டால் இறக்குவது கடினம். குத்தகைப் பேரம் முழுவதும் அதன்மேல்தான் நடக்கும். எடுக்க முடிவது அதில் எவ்வளவு என்று தமிழ்நாட்டு நடைமுறைப்படி போட்டுப் பார்ப்போம்.

படி 1: சோதனைக் குழி

நான்கு மூலைகளிலும் நடுவிலும் பொக்லைன் கொண்டு குழி எடுங்கள். மேல்மண் எத்தனை சென்டிமீட்டர், சரளை எங்கே தொடங்குகிறது, சுக்கான் கல்லோ பாறையோ எங்கே தட்டுகிறது என்று குழிவாரியாக எழுதி வையுங்கள். அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தை மே மாதம் ஒரு முறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் ஒரு முறையும் அளக்க வேண்டும். மே மாத அளவை மட்டும் நம்பி ஆழம் குறித்தால், மழைக்குப் பின் குழிக்குள் ஊற்று கிளம்பும்.

படி 2: பிறகு என்ன?

கிராவல் லாரியில் ஏறிப் போய்விடும். குழியை நிரப்ப மேல்மண்ணைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஆகவே பழைய மட்டம் திரும்பாது. தாழ்ந்த வயலா, மேய்ச்சல் நிலமா, குட்டையா என்று இப்போதே முடிவெடுங்கள். 'மீன் வளர்க்கலாம்' என்று பலர் சொல்வார்கள். சரளைத் தளம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. களிமண் பரப்பினால்தான் நிற்கும். கசிவுநீர்க் குட்டையாக விட்டால் பக்கத்துக் கிணறுகளுக்குப் பயன்படும். நம் உதாரணத்தில் தாழ்ந்த வயலும், ஒரு மூலையில் கசிவுக் குட்டையும் என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: கணக்கு

பக்கத்துப் பட்டா நிலங்களை ஒட்டி 7.5 மீட்டர், புறம்போக்கை ஒட்டி 10 மீட்டர் தொடாமல் விட வேண்டும். நான்கு பக்கமும் பட்டா என்றால் மிஞ்சுவது 85க்கு 85. சுவரைச் செங்குத்தாகவும் வெட்ட முடியாது. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் சரளை போன்ற தளர்ந்த மண்ணுக்கு இரண்டு வழி தருகின்றன: 45 டிகிரிக்கு மிகாத சரிவு, அல்லது 1.5 மீட்டருக்கு மிகாத உயரத்தில் வெட்டுப்படிகள். வெட்டுப்படியின் அகலம் அதன் உயரத்துக்குக் குறையக் கூடாது.

முதல் வெட்டுப்படி 85 × 85 × 1.5 = 10,838 கன மீட்டர். அடுத்தது ஒவ்வொரு பக்கமும் 1.5 மீட்டர் உள்ளே தள்ளி, 82 × 82 × 1.5 = 10,086. மொத்தம் 20,924. ஒரு யூனிட் நூறு கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். எனவே சுமார் 7,390 யூனிட். லாரி இறங்கும் சரிவுப்பாதை இதிலும் கொஞ்சம் தின்னும்: பத்துக்கு ஒன்று என்ற சரிவில் மூன்று மீட்டர் இறங்க 30 மீட்டர் நீளம் தேவை. கடைசியில் அதையும் வெட்டி விற்க ஆசை வரும். விட்டுவிடுங்கள், நாளைக்கு டிராக்டரும் மாடும் அதில்தான் இறங்க வேண்டும்.

படி 4: காகிதங்கள்

பட்டா, அடங்கல், புலப்படம் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியருக்கு விண்ணப்பம். பிறகு தகுதி பெற்றவர் தயாரித்த சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு. 'ஐந்து ஹெக்டேருக்குள்தானே, சுற்றுச்சூழல் அனுமதி எதற்கு' என்று தப்பிக்க முடியாது. தீபக் குமார் வழக்கில் 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. கனிமம் ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டு இல்லாமல் ஒரு லாரியும் வெளியே போகக் கூடாது.

படி 5: மேல்மண்

நான் முதலில் போட்ட திட்டத்தில் மேல்மண் முழுவதையும் ஒரே மூலையில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகக் குவிக்கச் சொல்லியிருந்தேன். இரண்டு ஆண்டுகளில் பாதி கிராவலோடு கலந்து போய்விட்டது. மீதியின் அடிப்பகுதி காற்றுப் படாமல் புளித்த வாடை அடித்தது. அதில் புல்லும் முளைக்கவில்லை.

இப்போது நிலத்தை நான்கு பட்டைகளாகப் பிரிக்கிறேன். 30 சென்டிமீட்டர் மேல்மண் என்றால் ஒரு பட்டைக்குச் சுமார் 540 கன மீட்டர். முதல் பட்டையின் மண் மட்டும் எல்லை ஓரத்தில், வெட்டு விளிம்பிலிருந்து தள்ளி, ஒன்றரை மீட்டருக்கு மேல் உயராத வரப்பாகக் காத்திருக்கும். அதன்மேல் கொழுஞ்சி தூவிவிடலாம். இரண்டாம் பட்டையின் மண் நேராக வெட்டி முடித்த முதல் பட்டைக்குப் போகும். மூன்றாவதன் மண் இரண்டாவதற்கு, நான்காவதன் மண் மூன்றாவதற்கு. காத்திருந்த வரப்பு கடைசிப் பட்டைக்கு. மண்ணை ஒரே முறை தூக்கினால் வாடகையும் மிச்சம்.

பரப்புவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. லாரிச் சக்கரம் ஏறி ஏறித் தளம் தார்ச்சாலைபோல இறுகியிருக்கும். உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறாமல் மேல்மண்ணைக் கொட்டினால், முதல் மழையில் சேறாகும், அடுத்த வாரம் ஓடுபோல இறுகும்.

படி 6: மழையும் வேரும்

குழியைச் சுற்றி வாய்க்கால் எடுத்து, வெளிநீர் உள்ளே பாயாமல் திருப்புங்கள். உள்ளே விழும் நீர் கசிவுக் குட்டைக்குப் போகட்டும். வழியில் வண்டல் படிய ஒரு சிறு குழி வேண்டும். வெட்டுப்படிகளில் பனைவிதை, சரிவுகளில் வெட்டிவேர். வயல் பகுதியில் முதல் பருவத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். உடனே நிலக்கடலை போட அவசரப்பட வேண்டாம். அடுத்த பருவத்தில் கொள்ளு விதைத்து, எந்தப் பட்டையில் பயிர் சோர்கிறது என்று பாருங்கள். அங்கே உளிக்கலப்பை ஆழமாக இறங்கியிருக்காது.