கவரேஜ் நிற்காத போனுக்கு உடனே சொஃப்ட்வெயார் அடிக்காதீர்கள்

கொழும்பு புறக்கோட்டைப் பக்கம் போன் திருத்தப் பழகும் தம்பிமாரைப் பார்த்தால், நாங்கள் பட்டன் போன் காலத்தில் ஆடிய அதே கூத்தைப் புதுப் போன்களில் ஆடுகிறார்கள். அதுதான், கவரேஜ் போகும் போன்களில் அவர்கள் விடும் பிழைகளைக் கீழே ஒவ்வொன்றாக எழுதுகிறேன். ஏரோபிளேன் மோட் போட்டு எடுப்பது, ஓஃப் பண்ணி ஓன் பண்ணுவது, சிம்மைக் கழற்றி மாட்டுவது, இதெல்லாம் இங்கே வராது. வாடிக்கையாளர் வீட்டிலேயே அதைச் செய்து அலுத்துப்போய்த்தான் கடைப்படி ஏறுகிறார்.

திரையை வாசிக்காமல் வேலையைத் தொடங்குவது

“கவரேஜ் போகுது” என்று எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். போன் அப்படிச் சொல்வதில்லை. “நோ சிம்” என்று விட்டு விட்டு வந்தால் சிம், அதன் தட்டு, உள்ளே இருக்கும் பின்கள், இந்த மூன்றையும் தாண்டி யோசிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. “எமர்ஜென்சி கோல்ஸ் ஒன்லி” என்றால் போனுக்கு ஏதோ ஒரு டவர் கேட்கிறது, ஆனால் அதற்குள் பதிய முடியவில்லை. அப்போது சிம் நிறுத்தப்பட்டிருக்கிறதா, அந்த நிறுவனத்தின் சிக்னல் அந்த இடத்தில் இருக்கிறதா, ஐஎம்இஐ, அதாவது போனின் 15 இலக்க அடையாள எண், சரியா என்று போக வேண்டும். “நோ சர்வீஸ்” என்றால் ரேடியோவுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அன்டெனா, மோடம் (டவரோடு பேசும் பகுதி) பக்கம் பார்க்க வேண்டியது அப்போதுதான். வந்தவரிடம் “சரியாக என்ன எழுத்து வந்தது?” என்று கேளுங்கள். தெரியாது என்றால், அடுத்த தரம் வரும்போது ஸ்கிரீன்ஷொட் எடுத்து வரச் சொல்லுங்கள்.

கேட்காமல் சொஃப்ட்வெயார் அடிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இன்றைக்கும் இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு திரீவீல் அண்ணன் வந்தார். காலையில் ஸ்கூல் ஹயர், மிச்ச நேரம் அப்பில் வரும் ஓட்டம். ஓட்டம் விழுகிற நேரம் பார்த்துக் கவரேஜ் போய்விடும். வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார், அங்கே வேலை பழகும் பையன் ஒரு கேள்வியும் கேட்காமல் கம்ப்யூட்டரில் கொழுவிச் சொஃப்ட்வெயார் அடித்திருக்கிறான், அதாவது போனின் மென்பொருளை முழுக்கத் திரும்ப ஏற்றியிருக்கிறான். பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருடைய நம்பர்கள் எல்லாம் போனுக்குள் மட்டும்தான் இருந்தன, கூகுள் கணக்கில் ஏறியிருக்கவில்லை. அவ்வளவும் போய்விட்டது. சரி, அது போனதும் கவரேஜாவது வந்ததா என்றால், முதலில் விட்டு விட்டு வந்ததும் இப்போது அடியோடு இல்லை. *#06# அடித்துப் பார்த்தேன். ஐஎம்இஐ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பூச்சியங்கள்.

என்ன நடந்தது என்று போனைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அது மீடியாடெக் சிப் போட்ட போன். அதற்கு அடிக்கும் மென்பொருளில் “டவுன்லோட் ஒன்லி” என்று ஒன்றும், “ஃபோர்மட் ஓல் பிளஸ் டவுன்லோட்” என்று ஒன்றும் இருக்கும். பையன் இரண்டாவதை அமுக்கிவிட்டான். “எல்லாவற்றையும் துடைத்தால் சுத்தமாக வரும்தானே” என்பது அவன் கணக்கு. அந்தத் துடைப்பில் என்விரேம் என்ற பகுதியும் போய்விடும். ஐஎம்இஐ இருப்பது அங்கேதான், அதைவிட முக்கியமாக, அந்தக் குறிப்பிட்ட போர்டின் ரேடியோவுக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய அளவுகளும் அங்கேதான் இருக்கின்றன. ஐஎம்இஐயைத் திரும்ப எழுதுகிறேன் என்று டூல்களோடு திரிபவர்கள் நிறையப் பேர். நான் அந்தப் பக்கமே போவதில்லை. சட்டச் சிக்கல் ஒரு புறம் இருக்க, நம்பரை எழுதினாலும் அந்த அளவுகள் திரும்பி வராது, சிக்னல் நொண்டிக்கொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு 2025 ஜனவரியிலிருந்து தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதியாத புதுப் போன்களை நெட்வேர்க்கில் சேர்ப்பதில்லை என்று ஆகிவிட்டது. இந்த நேரத்தில் ஐஎம்இஐ இல்லாத போனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இத்தனைக்கும் உண்மையான பழுது என்ன தெரியுமா? அண்ணனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: “இது தொடங்குறதுக்கு முன்னால போனை யாராவது திறந்தவங்களா?” போன மாதம் டிஸ்ப்ளே மாற்றினாராம். பின்மூடியைக் கழற்றினேன். மேலே இருக்கும் மெயின் போர்டிலிருந்து கீழே சார்ஜிங் போர்டு வரை தலைமயிர் கணக்கில் ஒரு மெல்லிய அன்டெனா வயர் ஓடும், இரண்டு முனையிலும் குட்டி பட்டன் மாதிரிக் கொழுவி. கீழ் முனை சரியாக அமுக்குப்படாமல் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. போன் அசையும்போது தொடும், அசையும்போது விடும். திரீவீல் ஹேண்டிலில் மாட்டிய போன் எவ்வளவு அசையும் என்று சொல்லத் தேவையில்லை. விரலால் அமுக்கினால் டிக் என்று சத்தம் வரும், அத்தோடு வேலை முடிந்திருக்கும்.

ஆகவே கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முதல் இவ்வளவையும் பாருங்கள். *#06# அடித்து ஐஎம்இஐயைப் பாருங்கள், அதைப் பெட்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள், குறித்து வையுங்கள். அபவுட் போனில் பேஸ்பேண்ட் வேர்ஷன் (மோடத்தின் மென்பொருள் பதிப்பு) இருக்கிறதா, “அன்நோன்” என்று காட்டுகிறதா என்று பாருங்கள். அன்நோன் என்றால் மோடமே எழும்பவில்லை, அது வேறு கதை. இரண்டும் சரியென்றால், அதே நிறுவன சிம் போட்ட இன்னொரு போனை அதே மேசையில் பக்கத்தில் வைத்து, சிம் ஸ்டேட்டஸில் வரும் சிக்னல் எண்ணை ஒப்பிடுங்கள். ஐபோனில் *3001#12345#* அடித்தால் வரும். இரண்டும் ஒரே அலைவரிசையில், 4ஜியென்றால் 4ஜியில் நிற்க வேண்டும். பக்கத்துப் போன் மைனஸ் 88 காட்டும் இடத்தில் இது மைனஸ் 108 காட்டுகிறதா? 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்குதான் வந்து சேருகிறது. சொஃப்ட்வெயார் அடித்து அந்த நூறு மடங்கைக் கொண்டுவர முடியாது, மூடியைக் கழற்றுங்கள். எது எப்படியானாலும், பெக்கப் எடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள். “அண்ணன், நம்பர் எல்லாம் எங்க சேவ் பண்ணி இருக்கு?” என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

கோடுகளை நம்புவது

மேலே தெரியும் கோடுகளுக்குப் பொதுவான அளவு கிடையாது, ஒவ்வொரு கம்பனியும் தன் விருப்பத்துக்கு வரைகிறது. டிசம்பர் 31 இரவு காலிமுகத்திடலில் கோடு நிறைய இருக்கும், ஒரு வட்ஸ்அப் போகாது. அது நெரிசல், போனில் பழுது தேடாதீர்கள்.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த உயரமான ஃபிளட்களிலிருந்து வரும் முறைப்பாடு இதற்கு நேர்மாறு. “பதினெட்டாம் மாடி தம்பி, டவரெல்லாம் கண்ணுக்கே தெரியுது, கதைக்க ஏலாது” என்பார்கள். டவர் அன்டெனாக்களை வீதியைப் பார்த்துக் கொஞ்சம் கீழே சரித்துத்தான் பொருத்துவார்கள். அவ்வளவு உயரத்தில் எந்த ஒரு டவரும் மற்றதை விடத் தெளிவாக மேலோங்காது, தூரத்து டவர்களும் கிட்டத்தட்ட அதே பலத்தில் வந்து விழும். போன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், லைன் கட் ஆகும், பெட்டரியும் இறங்கும். இந்த போனைத் திறந்து ஒரு பிரயோசனமும் இல்லை. வீட்டில் வைஃபை இருந்து, நிறுவனமும் அந்த வசதியைத் தந்தால் வைஃபை கோலிங்கைப் போட்டுக் கொடுங்கள். வீதிக்கு இறங்கியும் கட் ஆனால் மட்டும் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

“4ஜி ஒன்லி” போட்டுக் கொடுப்பது

யூடியூபில் பார்த்துவிட்டு *#*#4636#*#* அடித்து “எல்டிஈ ஒன்லி”, அதாவது 4ஜி மட்டும் என்று போடுகிறார்கள். வோல்டிஈ (4ஜியிலேயே கதைக்கும் வசதி) இல்லாத போனில் அழைப்பு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கித்தான் நடக்கும், அந்த வழியை அடைத்தால் டேட்டா பறக்கும், கோல் ஒன்றும் வராது. கதைக்கும்போது மேலே 4ஜி மறைந்து வேறு எழுத்து வருவதும் இதனால்தான். நெட்வேர்க்கைப் போனே தெரிவுசெய்யும் “ஓட்டோ” அமைப்பிலேயே விடுங்கள்.

சிம்மைச் சுரண்டுவது

பிளேடு வேண்டாம், அழிறப்பரும் வேண்டாம். பழைய மைக்ரோ சிம்மை வெட்டி நனோவாக்கினது என்றால் இன்னும் மோசம், அதன் தடிப்பு 0.76 மில்லிமீற்றர், நனோ 0.67தான், பின்களை நெரித்துவிடும். புதுச் சிம் எடுக்கச் சொல்லுங்கள். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அடையாள அட்டையோடு போக வேண்டும். நம்மவர்களில் பாதிப் பேரின் சிம் கனடா போன மாமாவின் பெயரில் இருக்கும், அதை நான் எப்படித் தீர்ப்பது!

பூஸ்டர்

சிக்னலைப் பெருக்கும் இந்தக் கருவியை அனுமதி இல்லாமல் பொருத்த முடியாது. விற்காதீர்கள்.

வெளிநாட்டுப் போனை விசாரிக்காமல் கையேற்பது

சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுத்தது, ஆன்லைனில் மலிவாக வாங்கியது என்று வரும் போன்கள் அந்த நாட்டு நிறுவனத்துக்கு லொக் ஆகியிருக்கலாம், இங்கே 4ஜிக்குப் பிரதானமான 1800 மெகாஹேர்ட்ஸ் அதில் இல்லாமலும் இருக்கலாம். பழைய ஐபோன் 7 என்றால் இன்னொன்று உண்டு. 2016 செப்டெம்பருக்கும் 2018 பெப்ரவரிக்கும் இடையில் செய்தவற்றில் சில, போர்டில் ஒரு பாகம் பழுதாகி, கவரேஜ் உள்ள இடத்திலும் “நோ சர்வீஸ்” காட்டும் என்று அப்பிளே ஒப்புக்கொண்டது. அமெரிக்கா, ஜப்பான், ஹொங்கொங், சீனா, மக்காவோவில் விற்றவைதான் அந்தப் பட்டியலில் இருந்தன, இங்கே பாவித்த போனாக வந்து இறங்கியவற்றிலும் அவை கலந்திருக்கின்றன. மாடல் இலக்கம் ஏ1660, ஏ1779, ஏ1780 இதில் ஒன்றாக இருந்தால் போர்டு வேலை வரக்கூடும் என்று விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள். வாங்க யோசிப்பவர் கேட்டால், ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா இல்லையா என்று பதில் வரும். காசைக் கொடுக்க முதல் அனுப்ப வேண்டும்.