மிங் வம்சத்தை நிறுவியவரைப் பற்றி எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

அன்றாடங்காய்ச்சிக் குடும்பத்தில் 1328இல் பிறந்த ஜூ யுவான்சாங், 1368இல் சீனாவின் பேரரசராக அரியணை ஏறினார். எழுதுபவருக்குக் கதை தானாக வந்து கையில் விழுகிறது. அதனாலேயே யாரும் தேதிகளைச் சரிபார்ப்பதில்லை.

முதல் சறுக்கல், அவர் தம் ஏழ்மையை மறைத்தார் என்று எழுதுவது. 1344இல் பஞ்சமும் கொள்ளைநோயும் சேர்ந்து பெற்றோரையும் மூத்த அண்ணனையும் கொண்டுபோயின. புதைக்க நிலமில்லை, அண்டை வீட்டுக்காரர் லியு ஜீஸூ மனமிரங்கி ஒரு துண்டு இடம் கொடுத்தார். பிறகு புத்த மடத்தில் சேர்ந்து, அங்கும் சோற்றுக்கு வழியில்லாமல் திருவோடு ஏந்தி ஊர் ஊராக அலைந்தார். இவை எப்படி நமக்குத் தெரிகின்றன? பெங்யாங்கில் பெற்றோரின் கல்லறையில் 1378இல் நாட்டிய கல்வெட்டில் அவரே சொல்கிறார். சவப்பெட்டி இல்லை, கந்தல் துணியைப் போர்த்திப் புதைத்தோம் என்கிறார். அவைப் புலவர்கள் எழுதினால் பூசி மெழுகிவிடுவார்கள் என்று தாமே எழுதியதாகவும் அதிலேயே குறிப்பிடுகிறார்.

இதைப் படித்தவர்கள், வாழ்த்து மடலுக்காக அறிஞர் சு யீகுய் கொல்லப்பட்டார் என்ற கதையைக் கொஞ்சம் சந்தேகத்தோடு அணுக வேண்டும். மடலில் வந்த 'ஒளி' என்ற சொல் மொட்டைத் தலையையும், வேறு இரு சொற்கள் ஒலியில் 'துறவி', 'திருடன்' என்பவற்றையும் நினைவூட்டியதால் பேரரசர் வெகுண்டாராம். சுவையான கதைதான். ஆனால் அந்த அறிஞர் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. இத்தகைய கதைகள் பல பிற்காலத்தில் கட்டப்பட்டவை.

அடுத்தது, அப்போது சீனாவை ஆண்ட மங்கோலியரை விரட்டவே வாளெடுத்தார் என்பது. 1352இல் செந்தலைப்பாகைக் கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்த அவர், தம் ஆற்றலில் பெரும்பகுதியைச் செலவிட்டது மற்ற சீனக் கிளர்ச்சித் தலைவர்களோடு மோதித்தான். 1363இல் போயாங் ஏரியில் சென் யோலியாங்கின் பெரிய கப்பற்படையைத் தீவைத்துச் சிதைத்தார். சென் அம்பு பாய்ந்து இறந்தார். 1367இல் சுசோ நகரில் சாங் ஷிசெங் வீழ்ந்த பிறகே படை வடக்கே நகர்ந்தது. தளபதி சு தா 1368இல் மங்கோலியரின் தலைநகர் தாதுவுக்குள் (இன்றைய பெய்ஜிங்) நுழைந்தபோது மங்கோலியப் பேரரசர் ஏற்கெனவே ஓடிவிட்டிருந்தார். யுவான் எனப்பட்ட மங்கோலிய ஆட்சி அதோடு அடியோடு ஒழியவில்லை. தென்மேற்கிலுள்ள யுன்னானை மீட்கவே 1382 வரை ஆனது.

பெய்ஜிங்கின் அரண்மனை வளாகத்தை இவர் கணக்கில் எழுதுபவர்களும் உண்டு. இவருடைய தலைநகர் நாஞ்சிங். கடற்படைத் தலைவர் செங் ஹேயின் கடற்பயணங்களும் மகன் ஜூ தி காலத்தவை. தமிழ், சீனம், பாரசீகம் மூன்றும் பொறித்த இலங்கையின் காலிக் கல்வெட்டு 1409ஐச் சேர்ந்தது. தந்தையோ தனியார் கடல் வணிகத்தையே தடைசெய்தவர்.

படுகொலைகளைப் பற்றி எழுதும்போதுதான் அதிகம் குழம்புகிறோம். 1380இல் பிரதம அமைச்சர் ஹூ வெய்யோங் சதிக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். வழக்கமாகச் சொல்லப்படும் 30,000 பேர் அந்த ஒரே ஆண்டில் சாகவில்லை. வழக்கு பல ஆண்டுகள் கிளை விட்டுக்கொண்டே போனது. எழுபதைக் கடந்த பழைய தோழர் லி ஷான்சாங்கை அது பலிவாங்கியது 1390இல். தளபதி லான் யூவின் வழக்கு 1393இல் வந்த வேறொன்று. அதில் சுமார் 15,000 பேர்.

வெறும் வெறியாட்டம் என்று இதைத் தள்ளிவிடுவதும் பிழை. ஹூவோடு பிரதமர் பதவியையே ஒழித்தவர், அந்த வேலையைத் தம் தலையில் ஏற்றிக்கொண்டார். 1384இல் எட்டே நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் அவரிடம் வந்தன. அதற்கு முன்பே, 1376இல், ரு தாய்சு என்ற அதிகாரி 17,000 எழுத்துகளில் ஒரு மனு அனுப்பினார். ஆறாயிரம் எழுத்துகளுக்கு மேல் வாசித்தும் விஷயம் வராததால் பேரரசர் அவருக்குப் பிரம்படி கொடுத்தார். மறுநாள் இரவு மீதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். கடைசி 500 எழுத்துகளில் ஐந்து யோசனைகள், நான்கு உருப்படியானவை. அவற்றை நிறைவேற்ற ஆணையிட்டார், அடித்தது தவறு என்றும் ஒப்புக்கொண்டார். இந்த மனிதரை 'நல்லவர்', 'கொடுங்கோலர்' என்ற இரண்டே பெட்டிகளில் அடைக்கப் பார்ப்பது வீண் வேலை.

வம்சத்துக்கு அரணிட்டுவிட்டு இறந்தார் என்பதையும் யோசித்தே எழுதுங்கள். எல்லைகளில் மகன்களுக்குப் படை கொடுத்தவரும் அவரே, அனுபவசாலித் தளபதிகளைக் கொன்று தீர்த்தவரும் அவரே. 1399இல் ஜூ தி கிளர்ந்தபோது, அரியணையில் இருந்த பேரனுக்கு முதலில் கிடைத்தவர் அறுபதைக் கடந்த கெங் பிங்வென். அவர் தோற்றுப் பதவியிழந்தார். 1402இல் நாஞ்சிங் சித்தப்பாவின் கையில் விழுந்தது.