இரவில் வாசிக்க ஒரு சின்ன டியூப் ஆம்ப்: எதைப் பார்த்து வாங்குவது?

பெரம்பூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். சனி, ஞாயிறு மெல்லிசைக் கச்சேரி. மற்ற நாட்களில் இரவு எட்டரைக்கு மேல்தான் கிட்டாரைக் கையில் எடுக்க முடிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை தூங்கும். ஏறக்குறைய இதே நிலைமையில் இருந்துகொண்டு, குறைந்த செலவில் உண்மையான டியூப் ஆம்ப், அதாவது பழைய ரேடியோக்களைப்போல வால்வில் (டியூபில்) ஓடும் கிட்டார் ஆம்ப்ளிஃபையர், வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

டியூப் ஆம்ப் மேடைக்குத்தான், வீட்டுக்கு ஆகாது என்று பலர் சொல்வார்கள். தாராளமாக ஆகும். ஆனால் கடையில் சத்தமாக வைத்துக் கேட்டு, அந்த மயக்கத்தில் வாங்கினால் ஆகாது. வீட்டில் எந்தச் சத்தத்தில் வாசிப்பீர்களோ, அந்தச் சத்தத்தில் உயிரோடு ஒலிக்கிற ஆம்ப்தான் உங்களுக்குத் தேவை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. கிட்டார் ஸ்பீக்கர்களுக்கு 'சென்சிடிவிட்டி' என்று ஒரு எண் கொடுப்பார்கள். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்பது அது. 97 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் ஆம்ப்பை முழுதாகத் திருகினாலே 97 டெசிபல்! பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிடுவார். வாட்டைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 10 டெசிபல் குறையும். காதுக்கு அது சுமார் பாதிச் சத்தம். அப்படியே இறங்கிப் பாருங்கள்: 0.1 வாட்டில் 87, 0.01 வாட்டில் 77, 0.001 வாட்டில் 67. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசுவது 60 டெசிபல் அளவு. அதாவது இரவில் அடக்கி வாசிக்கும்போது நீங்கள் உண்மையில் செலவழிப்பது ஒரு வாட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 5 வாட்டா 15 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 15 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது 5 டெசிபலுக்கும் கொஞ்சம் கீழேதான்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். பத்து மணிக்கு மேல் ஹெட்போன் மட்டும்தான் வழி என்றால், டியூப் ஆம்ப்பைத் தள்ளிப்போடுங்கள். பாஸ் கட்டானா, யமஹா டிஎச்ஆர் போன்ற டிஜிட்டல் ஆம்ப்கள் அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்யும். டியூப்பை நேசிக்கிறவனாகவே இதைச் சொல்கிறேன்.

சரி, டியூப்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அதில் நாம் விரும்பும் அந்தக் கரகரப்பு இரண்டு இடங்களில் பிறக்கிறது. ஒரு இடம், முன்னால் இருக்கும் சின்ன டியூப்கள். பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, ஐரோப்பியப் பெயரில் இசிசி83. பின்னால் ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் டியூப் இன்னொன்று; சின்ன ஆம்ப்களில் அது ஈஎல்84 அல்லது 6வி6. பவர் டியூபை உழைக்க வைத்தால் வரும் ஒலி தனி. விரலை அழுத்தினால் உறுமும், தளர்த்தினால் தெளியும். ஆனால் அது ஆம்ப்பை ஏற்றி வைத்தால்தான் வரும். அந்தக் காலத்து ஃபெண்டர் சாம்ப் ஆம்ப்பில் ஒரு 6வி6, சுமார் 5 வாட், ஒரே ஒரு வால்யூம் குமிழ். அற்புதமான ஒலி. ஆனால் அதன் நல்ல ஒலி தொடங்கும் இடத்தில் நம் சுவர் அதிர ஆரம்பித்துவிடும்.

அதனால் வீட்டுக்கு வாங்குகிறவர் இரண்டில் ஒன்றையாவது கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கெயின் (முன் டியூபை எவ்வளவு உழைக்க வைப்பது) தனியாகவும் மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தம்) தனியாகவும் இருப்பது. கெயினை ஏற்றி முன் டியூபில் கரகரப்பை எடுத்துக்கொண்டு, மாஸ்டரைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, வாட்டைக் குறைக்கும் சுவிட்ச். இரண்டும் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முன்னுரிமை கொடுங்கள். சுவிட்ச் மட்டும் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 5 வாட்டிலிருந்து 1 வாட்டுக்கு மாற்றினால் குறைவது 7 டெசிபல்தான். 0.1 வாட் வரை இறங்கினால்தான் இரவுக்குக் கொஞ்சம் உதவும்.

இனி ஆம்ப்களைப் பார்ப்போம். நான் வைத்திருப்பது பழைய வாக்ஸ் ஏசி4டிவி, இரண்டாம் கையாக வாங்கியது. ஒரு ஈஎல்84, ஒரு 12ஏஎக்ஸ்7, 10 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர். 4 வாட், 1 வாட், கால் வாட் என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. கால் வாட்டில் மெல்லிய கரகரப்போடு மணிபோல ஒலிக்கும். தனியாக கெயின் குமிழ் இல்லாததால், அதற்கும் கீழே இறங்கினால் ஒலி சுத்தமாகிவிடும். அந்த நேரத்தில் முன்னால், கரகரப்பைச் சேர்க்கும் ஒரு ஓவர்டிரைவ் பெடல் போட்டுக்கொள்கிறேன். இப்போது இதைத் தயாரிப்பதில்லை. கைமாறி வந்தால்தான் உண்டு.

சிக்கனமாக ஒன்றுதான் வாங்க முடியும் என்று என்னிடம் படிக்கும் பையன்கள் கேட்டால், முதலில் புகெரா வி5-ஐக் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். 8 அங்குல ஸ்பீக்கர், ஒரு ஈஎல்84. கெயின், வால்யூம் தனித்தனி. 5, 1, 0.1 வாட் சுவிட்ச், ரிவெர்ப் (பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி), ஹெட்போன் துளை எல்லாம் உண்டு. வீட்டில் வாசிக்கிறவரின் தேவையை யோசித்துச் செய்த பட்டியல் அது. கனமான ராக் வேண்டும் என்றால் மார்ஷல் டிஎஸ்எல்1: 1 வாட், 0.1 வாட், இரண்டு சேனல். பிளாக்ஸ்டார் எச்டி-1ஆர் 1 வாட்தான். அதன் பவர் பகுதியில் இருப்பதும் ஒரு சின்ன டியூப்தான், இசிசி82. குறைந்த சத்தத்திலேயே நிறைய கெயின் கிடைக்கும், ஹெட்போனும் போடலாம். ஆனால் சுத்தமான ஒலி விரும்புகிறவருக்கு இந்த 1 வாட் ஆம்ப்கள் சீக்கிரம் கலங்கிவிடும். நம் பழைய திரைப்பாட்டுகளின் கிட்டார் துணுக்குகளைத் தெளிவாக, ரிவெர்ப் நனைய வாசிக்க வேண்டும் என்றால் லேனி கப்12ஆர் பாருங்கள். 15 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். 1 வாட்டுக்கும் குறைவான இன்னொரு உள்ளீட்டுத் துளையும் அதில் உண்டு. இடமும் அதிகம் கேட்கும், விலையும் கூடும்.

ஆரஞ்சு மைக்ரோ டெரர் போன்றவற்றில் முன்னால் ஒரு டியூப், பவர் பகுதி டிரான்சிஸ்டர். அந்த அளவுக்கு நல்ல பொருள்தான். ஆனால் முழு டியூப் ஆம்ப் என்று நினைத்து வாங்காதீர்கள். கடைக்காரரிடம் "பவர் ஸ்டேஜிலும் டியூபா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

ஸ்பீக்கர் அளவைப் பலர் கவனிப்பதில்லை. ஃபெண்டர் சாம்பியன் 600 பார்க்க ஆசையாக இருக்கும். 6 அங்குல ஸ்பீக்கர் என்பதால் கீழ் ஸ்வரங்கள் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ், அதாவது அடி ஒலி, ஏற்கெனவே குறைவாகத்தான் கேட்கும், அதோடு ஸ்பீக்கரும் சின்னதாக இருந்தால் ஒலி மெலிந்துபோகும். என் தேர்வு 10 அங்குலம். 8 அங்குலம்தான் கட்டுப்படியாகும் என்றால், பின்னால் வெளி ஸ்பீக்கர் துளை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு 12 அங்குல கேபினெட் சேர்த்துக்கொள்ளலாம். ஆம்ப்பில் போட்டிருக்கும் ஓம் எண்ணும் (மின்தடை அளவு) கேபினெட்டின் ஓம் எண்ணும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்ப்பை வாசிக்கவே கூடாது; அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆம்ப்பின் உள்ளே விலை அதிகமான பாகங்களில் அது ஒன்று.

அடுத்து கரண்ட். இதைப் பற்றி நான் விரிவாகத்தான் சொல்வேன், ஏனென்றால் நம் ஊரில் டியூப் ஆம்ப்கள் சாவது பெரும்பாலும் இதனால்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஆம்ப் 120 வோல்ட். நம் வீட்டில் 230. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படிக்காமல் சொருகினால் அன்றோடு சரி. 230-ஐ 120 ஆக இறக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாம், ரிச்சி தெருவில் கிடைக்கும். 5 வாட் ஆம்ப் என்றாலும் சுவரிலிருந்து அது இழுப்பது அதைப்போலப் பல மடங்கு. டியூப்பைச் சூடாக்கவே கரண்ட் போகும். ஆம்ப்பின் பின்னால் போட்டிருக்கும் வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மராக, எர்த் கம்பி உள்ளிருந்து வெளிவரை போவதாகப் பார்த்து வாங்குங்கள்.

எர்த் இல்லாத பிளக் பாயின்ட்டில் கிட்டார் வாசிக்காதீர்கள். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒருமுறை சோதித்துவிடுங்கள். உங்கள் விரல் தொடும் தந்திகள் அந்த ஆம்ப்பின் உலோகப் பெட்டியோடு இணைந்தவை. ஹம் என்கிற இரைச்சல் குறைகிறது என்று எர்த் பின்னை உடைக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அது சைன் வேவ்தானா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் இரையும், டிரான்ஸ்ஃபார்மர் தேவையில்லாமல் சூடாகும். உங்கள் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்கினால் ஒரு நல்ல ஸ்டெபிலைசரும் கணக்கில் சேரட்டும்.

கடைக்கு உங்கள் கிட்டாரையே எடுத்துப்போங்கள். அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் போன்ற பெரிய கடைகளில் ஒரு வார நாள் காலையில் போனால் நிதானமாகக் கேட்க முடியும். சின்ன ஆம்ப் எல்லாம் கையிருப்பில் இருக்காது, அதனால் போவதற்கு முன் போன் செய்து கேளுங்கள். போனில் ஒரு டெசிபல் மீட்டர் செயலி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இரவில் எவ்வளவு சத்தம் பரவாயில்லை என்பதை முன்பே அளந்து வைத்து, கடையிலும் அதே எண்ணுக்கு ஆம்ப்பைக் கொண்டுவந்து வாசியுங்கள். போன் செயலி துல்லியமானதல்ல. ஒரே போனால் இரண்டு இடத்திலும் அளந்தால் ஒப்பிடப் போதும். அந்தச் சத்தத்தில் பத்து நிமிடம் வாசியுங்கள். கை தானாக அடுத்த பாட்டுக்குப் போனால் அது நல்ல ஆம்ப். பிறகு கிட்டார் வால்யூமைப் பாதியாக்குங்கள். ஒலி சுத்தமாகி, ஆனால் மங்காமல் இருக்க வேண்டும்.

பழைய ஆம்ப் என்றால் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறிய பிறகுதான் பல குறைகள் வெளியே வரும். குமிழ்களைத் திருகும்போது கரகரவென்றால் கவலைப்படாதீர்கள், கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அது சகஜம். கான்டாக்ட் கிளீனரில் சரியாகும். முன் டியூபைப் பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் கிணீர் என்று கேட்டால் அந்த டியூபை மாற்ற வேண்டும், விலையில் கேட்டுக் குறையுங்கள். டியூபின் நடுவே ஆரஞ்சு ஒளி இயல்பு. வெளித்தகடே சிவந்து பழுத்தால் உடனே அணைத்துவிட்டு வந்துவிடுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கும் ஆசை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

டியூப் கிடைக்குமா என்ற பயம் தேவையில்லை. ஸ்லோவாக்கியாவில் ஜேஜே நிறுவனம் இன்றும் ஈஎல்84, இசிசி83 செய்கிறது, இங்கே தருவித்து விற்கிறார்கள். நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸும் 1961 முதல் ரேடியோ வால்வுகள் செய்த நிறுவனம்தான். வீட்டு வால்வு ரேடியோக்களில் ஒலித்தவற்றில் இந்த ஈஎல்84 உண்டு. எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த அங்கிள் ரயில்வேயில் இருந்தவர், வால்வு ரேடியோ பழுது பார்ப்பார். அவரைப் போன்ற ஒரு பெரியவர் உங்கள் பகுதியில் இருந்தால் தேடிப் பிடித்துப் பழகிக்கொள்ளுங்கள். ஆம்ப் வாங்கும்போதே அந்தத் தொடர்பும் இருக்க வேண்டும். ஒரே பவர் டியூப் உள்ள ஆம்ப்பில் இன்னொரு வசதி, ஜோடி பொருத்திப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் தானாகவே பயாஸ் (டியூபில் ஓடும் மின்னோட்டத்தின் அளவு) சரிசெய்துகொள்ளும் வகை. புதிய டியூபைச் சொருகினால் வேலை முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தரையில் வைக்காதீர்கள். தரை வழியாகத்தான் பாஸ் கீழ் வீட்டுக்குப் போகும். ஒரு நாற்காலியில், அடியில் தடித்த ஃபோம் போட்டு, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரைத் தவிர்த்துவிடுங்கள், மூலையையும்தான். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்தால் மிகக் குறைந்த சத்தமே போதும். என் ஆம்ப் இப்போது துணி அலமாரிக்கு எதிரே இருக்கிறது. அலமாரிக் கதவைத் திறந்துவிட்டால் தொங்கும் சட்டைகள் கூர்மையான மேல் ஒலியை இழுத்துக்கொள்கின்றன. டோன் குமிழை முதல் வாரம் முழுதும் நடுவிலேயே விட்டுவிட்டு, இடத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அதன் பிறகு குமிழைத் தொடலாம்.