குளிர் மலையில் மலிவு விலைப் பச்சை லேசர்: வலுவும் தரமும் பார்க்கும் முறை

மூடுபனி இறங்கிய இரவில் நுவரெலியாக் கடைத்தெருவில் ஒருவர் பச்சை லேசரை மேலே அடித்துக் காட்டினால், அது பச்சைக் கம்பி போல நீண்டு போகும். பார்த்த மாத்திரத்தில் "நல்ல பவர்" என்று கை காசை எடுக்கும். அந்தக் காட்சியில் லேசரைவிடப் பனிக்குத்தான் பங்கு அதிகம். காற்றில் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், 1 மில்லிவாட் லேசர்ப் பேனாகூட அங்கே வாள் மாதிரித் தெரியும். அதே பேனாவைப் பனியில்லாத மாசி மாத இரவில் அடித்தால் கோடு தேடித்தான் பார்க்க வேண்டும். எனவே பனிக்குள் காட்டும் லேசரை வைத்து விலை பேச வேண்டாம். காய்ந்த காற்றில், சுவரில் விழும் புள்ளியைப் பார்த்துத்தான் பேச வேண்டும்.

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் நம்ப முடியாது. "5 மில்லிவாட்டுக்குக் குறைவு" என்று அச்சடித்த, சாவி போட்டுத் திறக்கும் 303 ரகத் தடித்த லேசர்கள் உண்மையில் பல பத்து மில்லிவாட் கக்குவது சாதாரணம். மறுபுறம், பெரிய எண்ணைப் போட்டு விற்கும் பேனாவில் சொன்னதில் கால்வாசிகூட இருக்காது. அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், 122 லேசர் சுட்டிகளை அளந்து 2013இல் முடிவை வெளியிட்டது. பச்சையில் ஏறக்குறைய 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்குள் அடங்கவில்லை. அந்த விதியில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு உச்சவரம்பு 5 மில்லிவாட். வகுப்பில் கரும்பலகையைச் சுட்ட 1 மில்லிவாட் தாராளம். நட்சத்திரம் காட்ட 5 போதும். அதற்கு மேல் கேட்பவருக்கு வேண்டியது சுட்டி அல்ல.

கண்ணால் பார்த்து வலுவைச் சொல்வதும் சரிவராது. நம் கண் பகல் வெளிச்சத்தில் 555 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சைக்குத்தான் மிக நன்றாகத் துலங்கும். 532 நனோமீற்றர் பச்சை அதன் பக்கத்திலேயே இருப்பதால், சம வலுவுள்ள 650 நனோமீற்றர் சிவப்பைவிட எட்டு மடங்கு அளவுக்குப் பிரகாசமாகத் தெரிகிறது. சிவப்போடு ஒப்பிட்டு "இது பத்து மடங்கு பவர்" என்று கடைக்காரர் சொன்னால் அது கண் செய்யும் கணக்கு, லேசரின் கணக்கல்ல.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மலிவு விலைப் பச்சை லேசர்களில் பெரும்பாலானவற்றில் பச்சை நேரடியாகப் பிறப்பதில்லை. முதலில் ஒரு சிறு டயோட், கண்ணுக்குத் தெரியாத 808 நனோமீற்றர் செங்கீழ்க் கதிரை (இன்ஃப்ராரெட்) உமிழும். நியோடிமியம் கலந்த வனடேற்றுப் பளிங்கு அதை உறிஞ்சி 1064 நனோமீற்றராக வெளிவிடும். அடுத்திருக்கும் கேடிபி பளிங்கு அதன் அலைநீளத்தைப் பாதியாக்க, 532 பச்சை வரும். இரண்டு பளிங்கும் சேர்ந்து ஒரு அரிசிமணி அளவுதான். மிஞ்சிய 808ஐயும் 1064ஐயும் தடுக்க முன்னால் ஒரு சிறு வடிகண்ணாடி இருக்க வேண்டும். விலையைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அந்தக் கண்ணாடிதான்.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பளிங்குகள் சற்றுக் கோணலாக ஒட்டப்பட்டிருந்தால் பச்சை மங்கும். ஆனால் உறிஞ்சப்படாத 808 அப்படியே வெளியே வரும். 2010இல் நிஸ்ட் ஆய்வாளர்கள் 15 டொலருக்கு வாங்கிய ஒரு பேனாவில் பச்சை மங்கலாகவே இருந்தது. அதனோடு ஏறக்குறைய 20 மில்லிவாட் செங்கீழ்க் கதிரும் வந்துகொண்டிருந்தது. பச்சை கண்ணில் பட்டால் கால் செக்கனுக்குள் இமை தானாக மூடும். செங்கீழ்க் கதிருக்கு இமை மூடாது, வலியும் தெரியாது. ஆனால் விழிவில்லை அதையும் விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். "மங்கலாத்தானே எரியுது, பிள்ளை விளையாடட்டும்" என்று ஒருபோதும் கொடுத்துவிடாதீர்கள். மங்கல் லேசர்தான் முதலில் சோதிக்க வேண்டிய லேசர்.

மலையகத்தில் இது இன்னும் முக்கியம். 808 டயோட்டின் அலைநீளம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.3 நனோமீற்றர் நகரும். கொழும்பில் 28 பாகையில் ஒழுங்காக எரிந்த பேனா, 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தை மாத விடியலில் 8 பாகைக்கு வந்தால் 6 நனோமீற்றர் விலகிவிடும். வனடேற்றுப் பளிங்கு உறிஞ்சும் பட்டை ஒடுக்கமானது. விலகிய கதிரை அது சரியாக உறிஞ்சாது. அப்போது சுவரில் நடப்பதைக் கவனியுங்கள். பொத்தானை அமுக்கியதும் தவிட்டுப் பச்சையில் ஒரு மங்கல் பொட்டு விழும். சில செக்கன்களில் அது துடிக்கும், இரண்டாகப் பிரிந்தது போலிருக்கும், பிறகு சட்டென்று பளிச்சிடும். டயோட் தன் சூட்டிலேயே தன் இடத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது. மங்கலாக இருந்த அந்தச் செக்கன்களில், வடிகண்ணாடி இல்லாத பேனா வழக்கத்தைவிட அதிக செங்கீழ்க் கதிரை வெளியே விட்டிருக்கும். எரியவில்லையே என்று வாயைத் திருப்பி உள்ளே பார்ப்பது எவ்வளவு பெரிய பிழை என்பது இப்போது தெரியும். குளிரில் எரியாவிட்டால் ஐந்து நிமிடம் சட்டைப்பைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள். அடுப்பங்கரைச் சூடு வேண்டாம். 35, 40 பாகைக்கு மேலும் இதே கோளாறு மறுபக்கமாக வரும்.

இனிச் சோதனைகள். வேண்டியவை: பழைய சீடி ஒன்று, ஏ4 தாள், அட்டை, செங்கீழ்க் கதிர் தெரியும் கெமரா. கெமராவுக்கு டிவி ரிமோட்டை நேராகப் பிடித்து ஒரு பொத்தானை அமுக்குங்கள். திரையில் ரிமோட்டின் முனை வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னினால் அது போதும். போன்களில் பின்கெமராவுக்குத் தெரியாதது பலவேளை முன்கெமராவுக்குத் தெரியும். வீட்டில் வேலை செய்யும் பழைய வெப்கேம் கிடந்தால் இன்னும் நல்லது. அதன் வில்லைக்குப் பின்னால் இருக்கும் நீலம் அல்லது இளஞ்சிவப்புப் பளபளப்புள்ள சிறு கண்ணாடியை மெல்லக் கழற்றி எடுத்து வையுங்கள். கண்ணாடி போன வெப்கேம் செங்கீழ்க் கதிரை நன்றாகப் பார்க்கும், எடுத்த கண்ணாடி அடுத்த சோதனைக்கு வடியாகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

ஏ4 தாளை அகலவாக்கில் அட்டையில் ஒட்டி, நடுவில் லேசர் நுழையுமளவு துளையிடுங்கள். தாளுக்கு நேரெதிரே சரியாக 20 செ.மீ. தூரத்தில் சீடியின் பளபளப்பான பக்கத்தை நிறுத்துங்கள். லேசரை மேசையில் புத்தகங்களுக்கிடையே அசையாமல் இறுக்கி, தாளின் பின்பக்கமிருந்து துளை வழியாகச் சீடியில் விழச் செய்யுங்கள். நடுத்தெறிப்பு துளைக்கே திரும்பி வரும்வரை சீடியைச் சரிசெய்ய வேண்டும். சீடியின் வரிகள் 1.6 மைக்ரோமீற்றர் இடைவெளியில் இருப்பதால் ஒளி அலைநீளவாரியாகப் பிரியும். துளையிலிருந்து 7 செ.மீ.யில் இருபுறமும் பச்சைப் புள்ளி விழும். 808 கசிந்தால் அது 11.7 செ.மீ.யில் விழும். அந்த இடத்தை வெறுங்கண்ணால் தேட வேண்டாம், கெமராத் திரையில் மட்டும் பாருங்கள். அங்கே புள்ளி தெரிந்தால் வடிகண்ணாடி இல்லை, அல்லது போதாது.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, சீடிக்குப் பதில் டிவிடி வைப்பது. அதன் வரி இடைவெளி 0.74 மைக்ரோமீற்றர்தான். நேராக அடித்தால் 808 பிரிந்து வெளியே வரவே முடியாது. புள்ளி இல்லை என்று ஏமாந்துபோவீர்கள். மற்றது, 1064ஐ இப்படிப் பிரித்தறிய முடியாது. அது 532இன் சரியாக இரு மடங்கு என்பதால் பச்சையின் இரண்டாவது புள்ளி விழும் அதே 17.8 செ.மீ.யில் போய் ஒளிந்துகொள்ளும்.

வலுவை அளக்க பிபிடபிள்யூ34 போட்டோடயோட், 470 ஓம் தடை, 9 வோல்ட் பெட்டரி, மல்டிமீட்டர் போதும். இலத்திரனியல் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் கிடைக்கும். எல்லாவற்றையும் தொடராக இணைத்து மீட்டரை மில்லிஅம்பியரில் வையுங்கள். பெட்டரியின் நேர்முனை டயோட்டின் கதோட்டுக்குப் போக வேண்டும். மாற்றிப் பூட்டினால் இருட்டிலும் மீட்டர் 17, 18 மில்லிஅம்பியர் காட்டும். சரியாகப் பூட்டினால் இருட்டில் சுழியத்தை ஒட்டி நிற்கும். அறையை இருட்டாக்கி, லேசர்ப் புள்ளி முழுவதும் டயோட்டின் சிறு சதுரத்துக்குள் விழச் செய்யுங்கள். சதுரம் 3 மில்லிமீற்றர்கூட இல்லை, எனவே லேசர் கிட்டவே இருக்கட்டும். டயோட்டைச் சற்றுச் சரித்து வைத்தால் தெறிப்பு உங்கள் பக்கம் வராது.

532இல் இந்த டயோட் ஒரு மில்லிவாட்டுக்கு ஏறக்குறைய 0.3 மில்லிஅம்பியர் தரும். 1.5 மில்லிஅம்பியர் என்றால் 5 மில்லிவாட், 6 என்றால் 20. இருபது, இருபத்தைந்து சதவீதம் பிசகலாம். 5ஐயும் 50ஐயும் பிரித்துக்காட்ட அது போதும். வாசிப்பு 18, 19ஐத் தொட்டு அங்கேயே நின்றால் சுற்றின் எல்லை முடிந்துவிட்டது, வலு அதற்கு மேல் என்று பொருள்.

முதல் வாசிப்பில் செங்கீழ்க் கதிரும் கலந்திருக்கும். 808க்கு இந்த டயோட் பச்சையைவிட இரு மடங்கு அளவுக்குத் துலங்கும். வெப்கேமிலிருந்து எடுத்த கண்ணாடியை இடையில் நேராகப் பிடித்து மறுபடி அளந்து பாருங்கள். பத்து சதவீதம் குறைந்தால் அது கண்ணாடியின் சொந்த இழப்பு. 3.0இலிருந்து 1.2க்கு விழுந்தால் கதை வேறு. அப்படியானால் பச்சை 4.4 மில்லிவாட் அளவு, அதனோடு கண்ணுக்குத் தெரியாத 3 மில்லிவாட் அளவு வருகிறது. அதை வாங்கவும் வேண்டாம், வைத்திருக்கவும் வேண்டாம்.

அப்படியே ஒரு நிமிடம் எரியவிட்டு 10 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பை எழுதுங்கள். நல்ல பேனாவில் மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். 5, 2, 6 என்று துள்ளினால் பளிங்கு ஒட்டு அல்லது டயோட் தரமற்றது. மலிவுப் பேனாக்களை அதற்கு மேல் தொடர்ந்து எரிக்க வேண்டாம். அந்தச் சிறு பித்தளைக் கூட்டில் சூடு போக இடமில்லை.

புள்ளியின் வடிவமும் நிறையச் சொல்லும். 5 மீற்றர் தூரத்து வெள்ளைச் சுவரில் வட்டமாக, ஒரே பொட்டாக விழ வேண்டும். வளையமாகவோ இரட்டையாகவோ இருந்தால் பளிங்கு பிசகு. சுற்றிலும் பச்சைப் புகை மாதிரி இருந்தால் வில்லையில் அழுக்கு அல்லது பசை. பேனாவை உருட்டும்போது புள்ளி பெரிய வட்டம் போட்டால் வில்லை மையத்தில் இல்லை. விரிவை அறிய, புள்ளியின் விட்டத்தை 2 மீற்றரிலும் 12 மீற்றரிலும் அளவுகோலால் அளந்து, வித்தியாசத்தை மில்லிமீற்றரில் 10ஆல் வகுங்கள். 3 மி.மீ. 15 ஆகியிருந்தால் 1.2 மில்லிரேடியன், அதாவது மீற்றருக்கு 1.2 மி.மீ. விரிவு. இந்த விலைக்கு அது நல்லதுதான். லயத்து வாசல் நீளம் இதற்குப் போதும், ஆனால் ஆட்கள் நடமாட்டம் இருக்கக் கூடாது.

புள்ளி நீள்வட்டமாகவோ சிறு கோடாகவோ இருந்தால் உடனே கழித்துவிடாதீர்கள். அது 515, 520 நனோமீற்றர் நேரடிப் பச்சை டயோட்டாக இருக்கலாம். அதில் பளிங்கும் இல்லை, 808உம் இல்லை. குளிரிலும் அமுக்கியதும் எரியும். பச்சையில் நீலச்சாயல் சற்றுக் கூடியிருக்கும். மலைநாட்டில் வாங்குவதானால் இந்த ரகத்தையே தேடி வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும்.

பெட்டரி விஷயம் சுருக்கமாக. இரண்டு டிரிபிள்ஏ போடும் பேனாவில் 3.7 வோல்ட் லித்தியம் செல் இரண்டைப் போட்டால் டயோட் அப்போதே போய்விடும். பழைய செல்லோடு சோதித்து லேசரைக் குறை சொல்லவும் வேண்டாம். தடித்த ரகத்தோடு வரும் 18650 செல்லில் 9900 எம்ஏஎச் (மில்லிஅம்பியர்-மணி) என்று எழுதியிருந்தால் அது பொய். அந்த அளவுச் செல்லில் 3500ஐச் சுற்றித்தான் உச்சம். நல்ல செல் 45 கிராமை ஒட்டி நிறுக்கும், போலி கையிலேயே இலேசாகத் தெரியும்.

லேசரோடு இலவசமாக வரும் சிவப்பு பிளாஸ்டிக் கண்ணாடியை நம்பிச் சோதனையில் இறங்காதீர்கள். 532, 808, 1064 மூன்றுக்கும் தடுப்பு அளவு அச்சிட்டிருந்தால்தான் அது பாதுகாப்பு. தகரம், எவர்சில்வர்த் தட்டு, ஜன்னல் கண்ணாடி எல்லாவற்றையும் சோதிக்கும் இடத்திலிருந்து அகற்றுங்கள். இரவில் ரம்பொடை வளைவில் வரும் பஸ்ஸின் முகப்பிலோ, நானுஓயாவுக்கு ஏறும் ரயிலின் முகப்பிலோ, ஹெலிகொப்டரிலோ பச்சை பட்டால் ஓட்டுநருக்குச் சில செக்கன் பாதையே தெரியாது.

தீக்குச்சி பற்றவைக்கும், பலூன் உடைக்கும் லேசர் சுட்டியே அல்ல. சோதனையில் தோற்ற லேசரைக் குப்பையில் அப்படியே போட்டால் ஏதோவொரு பிள்ளை கையில் அகப்படும். செல்லைக் கழற்றி, பின்மூடியைத் திறந்து, சுற்றுப்பலகையில் சுவிட்சின் கால்களையும் டயோட்டுக்குப் போகும் கம்பியையும் வெட்டிவிட்டுப் போடுங்கள்.